வால்வை மூடச் சொன்னது யார்?

வீராயி ஊறுகாய் பாட்டிலை வைத்த வேகத்தில் மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. பாட்டிலுக்குள் தண்ணீர் இருந்தது. கலங்கல் சற்று அடங்கியதும் அடியில் கறுப்பாக ஏதோ படிந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியும் நாற்றம் அடித்தது.

“இதுல ஒரு வாய் குடிச்சுக் காட்டும்மா. நான் பேசாம பூடறேன்” என்றாள் வீராயி.

குடிநீர் அலுவலக எழுத்தர் அமிர்தவல்லி பேனாவை எடுக்கக் குனிந்தாள். நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீராயி உப்பளத்தில் ஒரு சந்தில் குடியிருப்பவள். கூடை சுமந்து மீன் விற்பவள். முந்தாநாளிலிருந்து சந்துக் குழாயில் சாக்கடை கலந்து வருகிறதாம். வாந்தியும் பேதியுமாக வீட்டுக்கு ஒருவர் சுருண்டு கிடக்கிறார்களாம். அவள் மருமகள் மணியம்மாளை விடியற்காலையில் ரிக்‌ஷாவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சந்துக்கு வேறு குழாய் கிடையாது. நாற்றம் தெரிந்தும் ஜனங்கள் வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். குழாயில் ஒழுகுகிற வரைக்கும் குடம் வைக்கத்தான் செய்வார்கள், வேறு எங்கே போவார்கள் என்று வீராயி கேட்டாள்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமல்ல. வால்வை மூட வேண்டும். லாரியில் நல்ல தண்ணீர் அனுப்ப வேண்டும். மண்ணைத் தோண்டி உடைந்த இடத்தை அடைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யச் சொல்லும் அதிகாரம் அன்றைக்கு அமிர்தவல்லியிடம் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்ததே அதனால்தான்.

அது 1983-ஆம் வருஷத்து ஆடி மாதம். அந்தக் குடிநீர் அலுவலகத்தில் ஒரு வால்வை மூட வேண்டுமானால் ஆறு பேர் இனிஷியல் போட வேண்டும். அது பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கமா, அவன் கப்பலேறிய பிறகு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. கோப்பு மேசை மேசையாக நகரும். பிடிக்காத மேசையில் ஓரத்தில் ‘பேசவும்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பிவிடுவார்கள். யார் பேசுவது, யாரோடு பேசுவது என்றெல்லாம் அதில் இருக்காது. பெரும்பாலும் யாரும் பேசுவதுமில்லை. கோப்பு மட்டும் மாமியார் வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் நடக்கிற பெண்ணைப்போலப் போய்வந்துகொண்டிருக்கும்.

சித்திரையில் ஜானகிராமன் என்று ஒரு புது அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், சுறுசுறுப்பானவர். வந்த கையோடு, இனி எந்தக் கோப்பிலும் ‘பேசவும்’ என்று எழுதக் கூடாது என்றார். அடுத்து இன்னொரு உத்தரவு போட்டார். குடிதண்ணீரில் ஆபத்து என்று புகார் வந்தால், அந்தப் பிரிவில் பொறுப்பில் இருப்பவரே தன் ஒற்றைக் கையெழுத்தில் தண்ணீரை நிறுத்தலாம். ஆறு இனிஷியல் வேண்டாம். பிரிவுக்குப் பெரியவர் தலைமை எழுத்தர் கோவிந்தராசு. அவர் இல்லாத நாளில் அடுத்தவள் அமிர்தவல்லி. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததே அவள்தான். தன் பதவியின் பெயர் அதில் வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உத்தரவை அறிவித்த கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அதிகாரிக்கு மாலை போட்டவரே கோவிந்தராசுதான். போட்டுவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தவர், அமிர்தவல்லியின் பக்கம் சாய்ந்தார்.

“கையெழுத்துன்றது தேர் வடம் மாதிரிம்மா. நூறு பேர் கை வெச்சிருந்தா எவன் இழுத்தான்னு எவனும் கேக்க மாட்டான். இந்த மனுஷன் வடத்த நம்ம கையில குடுத்துட்டு மிச்சப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாரு. தேர் எவன் மேலயாவது ஏறிச்சுன்னா?”

பிறகு ராஜாங்கத்தின் கதையை இன்னொரு முறை சொன்னார். அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிற எவரும் முதல் நாளே கேட்கிற கதை அது. ராஜாங்கம் என்றொரு எழுத்தர் ஒரு மழைக்காலத்தில் யாரையும் கேட்காமல் ஒரு மதகைத் திறக்கச் சொன்னார். ஒரு பக்கத்துக் குடிசைகள் பிழைத்தன. இன்னொரு பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவரின் கிடங்கில் தண்ணீர் புகுந்தது. ராஜாங்கத்தை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியுமுன் மனிதர் முடிந்துபோனார். அவர் பெண்சாதி பென்ஷனுக்காக இன்னமும் படியேறிக்கொண்டிருந்தாள். அவள் வருகிற நாளில் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

உப்பளத்தில் பேதி என்ற பேச்சு புதன்கிழமை சாயங்காலமே அலுவலகத்துக்கு எட்டியிருந்தது. வீராயி வந்த வியாழக்கிழமை காலை கோவிந்தராசுவின் விடுப்புக் கடிதம் வந்துவிட்டது. வயிற்றுக் கோளாறாம். சந்து ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் காகிதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்துத் தேர். அலுவலகம் கிடையாது. அதைத் தாண்டினால் சனி, ஞாயிறு. இன்றைக்கு மூடாவிட்டால் திங்கட்கிழமை வரைக்கும் சந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். மூடினாலோ, அதே வால்வில்தான் பெரிய அதிகாரிகளின் குடியிருப்பும் இருந்தது. தேர் பார்க்க வந்த உறவினர்கள் ஒவ்வொரு வீட்டிலும் நிறைந்து கிடந்தார்கள். குழாய் வறண்ட மறுநிமிஷம் தொலைபேசி அலறும். மூடச் சொன்னது யார் என்பார்கள்.

அமிர்தவல்லியின் கணவன் ராமலிங்கம் வேலை பார்த்த மில் பொங்கலுக்கு முன்பே கதவடைத்துவிட்டது. வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில். ராஜாங்கத்தின் பெண்சாதி படியேறி வருகிற நடை அவள் கண்முன் வந்து நின்றது.

வீராயியை வெளியே உட்காரச் சொன்னாள். பிறகு, அந்த அலுவலகத்தில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். ஒற்றைக் கையெழுத்துப் போதும் என்ற உத்தரவைத் தன் கையால் அடித்தவள், பழையபடி ஆறு இனிஷியலுக்கு இடம் விட்டு ஒரு கோப்பைத் தயாரித்துச் சுற்றுக்கு அனுப்பினாள்.

ஒரு கோப்பு அவ்வளவு வேகமாக ஓடி அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. தொட்டால் சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல ஒவ்வொருவரும் அதை அவளிடமே தள்ளினார்கள். பொறியாளர் அந்தப் புது உத்தரவின் நகலை உள்ளே செருகி, அவள் பதவியின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார். கணக்குப் பிரிவிலிருந்து மட்டும் தடையையும் மீறி ‘பேசவும்’ என்று வந்தது. அவள் பேசப் போனாள்.

கணக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் ழான்-மரி மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க மதாம். உத்தரவு நல்ல உத்தரவு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா புதுப் பாலத்து மேல மொத ஆளா நடக்கறவன் நானா இருக்கக் கூடாது. வர்ற வருஷம் ரெத்ரேத்து, ரிட்டயர் ஆகறேன். பென்ஷன வாங்கிக்கிட்டு சிவனேன்னு வீட்டுல உக்காரணும்.”

“நீங்க நடக்க வேணாம் சார். என் கூட ஒரு இனிஷியல் போட்டாப் போதும்.”

அவர் சிரித்தார். வேண்டாமென்று சொல்கிற சிரிப்பு. குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பிவிட வேண்டியது. முடிவு வரத் திங்களோ செவ்வாயோ ஆகும். அதுவரைக்கும் யாராவது கேட்டால், ‘சோதனையில் இருக்கிறது’ என்று சொல்லலாம். யார் தலையும் உருளாது.

அமிர்தவல்லி திரும்பி வந்து தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினாள். சோதனைக்கான கடிதம் பாதி வந்துவிட்டது. விரல்கள் லேசாகப் போயின. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சிதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் வீராயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, வால்வு திறக்கும் ஆள் கண்ணையன், நீளமான இரும்புச் சாவியைச் சுவரில் சாய்த்துவைத்துப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சீட்டு இல்லாமல் தொட மாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு, டெல்லிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த ஜானகிராமனுக்கு டிரங்க் கால் பதிவு செய்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மணி மூன்றை நெருங்கும்போது இணைப்புக் கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவர் குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னாள். அவர் எரிச்சலாகக் கேட்டார்.

“அதுக்குத்தானே ஆர்டர் போட்டேன்? அதிகாரம் உங்ககிட்ட இருக்கு. எதுக்கு என்னைக் கேக்கறீங்க?”

“மூடிடறேன் சார். குடியிருப்புக்கும் தண்ணி நிக்கும். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தா, நீங்க சொல்லித்தான் மூடினோம்னு சொல்லலாமா?”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“அது... திங்கட்கிழமை நான் வந்துடறேன். நேர்ல பேசிக்கலாம்” என்றார் ஜானகிராமன்.

அமிர்தவல்லி ரிசீவரை வைத்தாள். கோபம் வரவில்லை. ஒரு தெளிவுதான் வந்தது. ‘பேசவும்’ என்று எழுதக் கூடாதென்று தடை போட்டவருக்கும் இக்கட்டு வந்தால் பேசிக்கலாம் என்றுதான் வாயில் வருகிறது. கோவிந்தராசு, ழான்-மரி, பொறியாளர், அதிகாரி, தான் என எல்லாரும் ஒரே நோயில் கிடக்கிறார்கள். பாட்டிலில் கிடந்ததைவிடப் பழைய நோய் அது.

அப்படியும் அவள் உடனே எழுதிவிடவில்லை. சோதனைக் கடிதத்தின் மிச்சப் பாதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போன வீராயி நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். காலையில் வந்த வேகம் இல்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“மணியம்மா பூட்டாம்மா.”

அலுவலகத்தில் தட்டச்சு ஓசைகள் ஒவ்வொன்றாக நின்றன. அமிர்தவல்லி எழுந்து நின்றாள். காலையிலேயே மூடியிருந்தால் என்று ஏதோ வாய்க்குள் முனகினாள்.

“அவ எந்தச் சொம்புத் தண்ணியில போனான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது” என்றாள் வீராயி. குரல் உயரவே இல்லை. “நேத்து குடிச்சதோ, இன்னிக்கு வெடியங்காட்டி குடிச்சதோ. உன்னைத் திட்டறதுக்கு நான் வரல. எம் பேத்தி குஞ்சம்மா ஊட்டுல இருக்கா. இந்நேரத்துக்குக் கொடத்தத் தூக்கினு கொழாய்க்குப் போவா. அத நிறுத்தித் தாம்மா. சாவு ஊட்டுக்காரி நானு, எனக்கு நேரமில்ல.”

அமிர்தவல்லி தட்டச்சு இயந்திரத்திலிருந்த காகிதத்தை உருவிப் போட்டாள். வேறொரு தாளை எடுத்துக் கையாலேயே எழுதினாள். வால்வை உடனே மூடவும். லாரித் தண்ணீர் அனுப்பவும். ராத்திரியே தோண்ட ஆரம்பிக்கவும். ஆறு இனிஷியலுக்கு விடுகிற இடத்தில் ஒன்றும் விடாமல், வாக்கியம் முடிந்த இடத்திலேயே தன் முழுப்பெயரை எழுதினாள்.

கண்ணையன் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாம்மா, நீங்க மட்டுந்தானா? பெரியவங்க யாரும் போடலியா?”

“நான் மட்டும்தான். வா, நானும் வரேன்.”

அவள் கூடவே நடந்தாள். கண்ணையன் தெருவோரக் குழியின் மூடியை நெம்பி, சாவியை இறக்கித் திருகினான். துருப்பிடித்த வால்வு முனகிக்கொண்டே இறங்கியது. சந்துக் குழாயில் நீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் ஏசினார்கள். இருந்ததும் போச்சே என்று ஒருத்தி அமிர்தவல்லியின் காலடியிலேயே காலிக் குடத்தைப் போட்டாள். தேர் பார்க்க வந்த சனத்துக்கு எதைக் குடுப்பது என்று இன்னொருத்தி கேட்டாள். வரிசையின் கடைசியில் சாந்துப் பொட்டு வைத்த ஒரு சிறுமி இடுப்பில் குடத்தோடு நின்றாள். வீராயியின் பேத்தி அவள்தானோ என்னவோ. அமிர்தவல்லி கேட்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எடுப்பாரில்லை. அவள் எடுத்தாள். குடியிருப்பிலிருந்து ஒரு பெரிய குரல், வால்வை மூடச் சொன்னது யார் என்று கேட்டது.

“நான்தான் சார்” என்று பெயரைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது, காலை முதல் தன்னை அரித்துக்கொண்டிருந்த பயம் இந்த ஒரு சொல்லைப் பற்றித்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

தோண்டியபோது, சந்துக்குப் பிரிந்து, சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு குழாயின் மூட்டு அரித்துப்போய் வாய் பிளந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் வீராம்பட்டினத்தில் இருக்க, அதை மாற்றினார்கள். திங்கட்கிழமை வரைக்கும் சந்தில் புதிதாக யாரும் படுக்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமை மெமோ தயாராகிவிட்டது. திருவிழாவுக்கு முதல் நாள், மேலிடத்தைக் கேட்காமல் குடியிருப்புக்குத் தண்ணீரை நிறுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும்படி மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள். ஜானகிராமன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் அவளைக் கூப்பிட்டு, இது சும்மா ஒரு சம்பிரதாயம், பயப்பட வேண்டாம் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அமிர்தவல்லி உட்காரவில்லை. அதிகாரியின் முன் அவள் நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சார், நீங்க நல்ல சட்டம் கொண்டுவந்தீங்க. அதிகாரத்தைக் கீழ எறக்கினீங்க. ஆனா பழி வந்தா யார் கூட நிப்பாங்கன்னு சொல்லல. போன்ல கேட்டேன், திங்கட்கிழமை பேசிக்கலாம்னீங்க. இன்னிக்குத்தான் சார் திங்கட்கிழமை. பேசுங்க.”

ஜானகிராமன் மெமோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கெட்ட மனிதரல்ல அவர். உத்தரவு போட்டதோடு காரியம் முடிந்தது என்று நம்பியவர். தானும் வடத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெமோவை நெடுக்காக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேலிடத்துக்குத் தன் கையால் பதில் எழுதினார்: வால்வை மூடியது என் உத்தரவின்படி. விளக்கம் வேண்டுமானால் என்னைக் கேட்கவும்.

அவள் தன் மேசைக்கு வந்தபோது வயிற்றுக் கோளாறு குணமான கோவிந்தராசு காத்துக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

“தப்பிச்சிட்டம்மா. உன் நல்ல நேரம். ஆனா இவரு எத்தினி நாளைக்கு? நாளைக்கே இவர மாத்தல் போட்டாங்கன்னா உனக்கு யாரு?” என்றார்.

ழான்-மரி தன் அறை வாசலில் வந்து நின்றார். மற்றவர்களும் தட்டுவதை நிறுத்தினார்கள். அமிர்தவல்லி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அவரை மாத்தலாம் சார். அந்த ஆர்டரையும் மாத்தலாம். எத்தனை சட்டம் மாத்தினாலும், பயந்துக்கிட்டு உக்காந்திருக்கற நாம மாறாத வரைக்கும் ஆபீஸ் மாறாது. அன்னிக்குக் காலையில ஆபீஸ் தொறந்ததுலேருந்து அதிகாரம் என் கையிலதான் இருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்டது சாயங்காலம். நடுவுல அந்தச் சந்துல எத்தனை பேர் கொடம் வெச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு ஏன்னு கேட்டு எனக்கு யாரும் மெமோ குடுக்கல. குடுத்திருந்தா, சத்தியமா என்கிட்ட பதில் இல்ல.”